தாழ்ப்பாளை உள்பக்கம் வைக்கச் சொன்னவர்

என் கல்யாணத்தன்று மணமகள் அறைக்குள் வந்த தாய்மாமா, என்னைப் பார்ப்பதற்கு முன்னால் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தாழ்ப்பாள் இருக்கிறது என்று திருப்தி வந்த பிறகுதான் ஆசீர்வாதம் செய்தார்.

சிறைக் கண்காணிப்பாளராக வேலையைத் தொடங்கியவர். பிற்பாடு, சிறைகளைச் சீர்திருத்த யோசனை கேட்டுப் பல நாட்டு அரசாங்கங்கள் அவரை அழைத்தன. சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. "இந்த மாசம் எந்த ஊரு ஜெயிலுங்க?" என்று பந்தியில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். ஒரு மலை நாட்டில், தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வெளியே தெரியும்படி ஜன்னல்களைக் கீழே இறக்கவைத்த கதையை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எந்தச் சிறைக்குப் போனாலும் தன்னை ஓர் அறையில் விட்டு வெளியே பூட்டச் சொல்வாராம். கூப்பிட்டால் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்பதுதான் அவர் அறிக்கையின் முதல் வரி.

ஓய்வுபெற்று அவர் ஊத்துக்குளிக்கு வந்து சேர்ந்தபோது, நானும் என் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தோம். தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்களுக்குக் கம்பெனிக்குப் பின்னாலேயே ஹாஸ்டல். அது என் பொறுப்பு. உங்களை நம்பித்தான் விட்டுப்போகிறோம் என்று பெற்றவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வெளியே பூட்டு. அதைப் பாதுகாப்பு என்றே நினைத்திருந்தேன். பெண்கள் வேலையை விட்டு நின்றுவிடுவார்களோ என்ற பயமும் அதற்குள் இருந்தது என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை.

எங்களிடம் பனியன் வாங்கவிருந்த வெளிநாட்டு பையர் ஒருவர், கம்பெனியையும் ஹாஸ்டலையும் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தது. ஹாஸ்டலைப் பற்றி மாமா ஒரு கடிதம் கொடுத்தால் ஆர்டர் வந்த மாதிரிதான் என்று அவரை அழைத்தேன். பெண்கள் எல்லாரும் ஷிப்டில் இருந்த நேரம். வழக்கம்போல உள்ளே போய்ப் பூட்டச் சொன்னார். எனக்கு போன் வந்தது, ஆபீசுக்குப் போய்விட்டேன். வார்டன் பழக்க தோஷத்தில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பிவிட்டாள். மெஷின் சத்தத்தில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. வார்டன் திரும்பி வந்து திறந்தபோது அவர் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. ஆனாலும் கோபப்படவில்லை.

"தீப்புடிச்சா அந்தப் புள்ளைங்க என்ன பண்ணும் கண்ணு?"

பெற்றவர்கள் கேட்டுக்கொண்டது என்றேன். எல்லா நாட்டிலும் இப்படி யாரையாவது காரணம் சொல்வார்கள் என்றார். பூட்டை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்தால் அன்றைக்கே கடிதம் தருவதாகவும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"கைதிங்களோடயே காலந்தள்ளி உங்களுக்கு எல்லா ஊடும் ஜெயிலாத்தான் தெரியுதுங்க மாமா."

எங்கள் குடும்பத்தில் அவர் வேலையை மதித்தது நான் ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆடிட் அன்று காலை பூட்டைக் கழற்றினோம், சாயங்காலம் மறுபடி மாட்டினோம். ஆர்டரும் வந்தது. மாமா மட்டும் அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஊத்துக்குளி ஒன்றும் தொலைவில்லை. பொங்கலுக்குப் போகலாம், கோயில் நோம்பிக்குப் போகலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனால் பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு மனசு வராத வீம்புதான் என்னைத் தடுத்தது.

போன தை மாதம் அவர் தவறிவிட்டார். காரியம் முடிந்த அன்று அத்தை என்னைத் தனியாக அழைத்தார்.

"கடுதாசிய அன்னைக்கே எழுதி வெச்சுட்டாரு கண்ணு. நீ எப்படியும் மாத்திருவீன்னு சொல்லிட்டே இருந்தாரு."

மறுநாளே ஆசாரியை வரவழைத்தேன். அரைமணி நேர வேலைதான். சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போய், இத்தனை வருடப் பழக்கத்தில் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கேட்டாள்.

அந்தக் கதவுக்குள்ளிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. நான்தான் என்று சொல்லிவிட்டு, அவள் தாழ்ப்பாளை நீக்கும்வரை வெளியே காத்து நின்றேன். மாமா உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை நான் இப்படி வெளியே நின்றிருக்கலாம்.