சுடுகாடு இல்லாத வழி

நல்ல தார்ச்சாலையைப் பார்த்தால் வயிற்றெரிச்சல் படுகிற தொழில் இந்த ஊரில் என்னுடையது ஒன்றுதான்.

முதலியார்பேட்டையில் ஒரு ஷெட் வைத்து, கிராவல் பைக்கில் ஆட்களைக் கூட்டிப்போகிறேன். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், பல் வைத்த அகலமான டயர், மண்ணிலும் சரளையிலும் ஓடும், அவ்வளவுதான் விஷயம். கிராவல் என்று சொன்னால் எங்கள் தெருக்காரர்கள் லோடு என்ன விலை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கிளம்பி, கடலோரம், தோப்பு, வயல் என்று சுற்றிவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். பூசையை விட்டுவிட்டு இந்தப் பிலோமினா சைக்கிள் மிதிக்கிறாளே என்று பங்குச் சாமியாருக்கு என்மேல் வருத்தம்.

முன்னால் நான் போவேன். கடைசியில் சேகர் வருவான். தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். பஞ்சரோ செயினோ, அவன் கை வைத்தால் சரியாகிவிடும். யாரும் பின்தங்கிக் காட்டில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

வழிகாட்டித் தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: இப்போது எல்லா இடத்திலும் தார் போட்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் மண் ரோடுகளில் பாதி பம்புசெட்டுக்குப் போகிறது. மீதிப் பாதி சுடுகாட்டுக்குப் போகிறது.

வரவேற்புப் பூ

ஜூலியேன் என்று ஒரு பையன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். தாத்தா காலத்தில் இந்த ஊரைவிட்டுப் போன குடும்பம். வீட்டில் பேசிப் பழகிய தமிழ், அழகாகவே பேசினான். அன்று நல்ல பனி. ஒரு மண் ரோட்டில் திரும்பியதும் வழி நெடுகச் சாமந்தியும் ரோஜா இதழும் பொரியும் இறைந்து கிடந்தன. முந்தின நாள் சாயங்காலம் யாரையோ கொண்டுபோயிருக்கிறார்கள். ரோடு முடிகிற இடத்தில் சாம்பலுக்கு அடியில் நெருப்பு இன்னும் கண்ணு கண்ணாகத் தெரிந்தது. பக்கத்தில் மனித நடமாட்டமே இல்லை. நெருப்பைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் போட்டிருந்தது.

ஜூலியேன் இறங்கி, நல்ல சாமந்தியாக ஒன்றைப் பொறுக்கி ஹெல்மெட் வாரில் செருகிக்கொண்டான். பின்னாலிருந்து வந்த சேகருக்கு முகம் செத்துவிட்டது. என்னைப் பார்த்தான். எனக்கும் அந்தப் பையனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பூவோடுதான் அவன் ஷெட்டுக்குத் திரும்பினான், ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுக்கும்போது சொன்னான்:

“ரோட்டுல பூ போட்டவங்க யாருன்னு தெரிஞ்சா, அவங்களுக்கு என் மெர்சி, என் நன்றிய சொல்லிடுங்க அக்கா.”

டயர்ப் பல்லில் பொரி

சேகர் மனைவி வசந்தா அப்போது மாசமாக இருந்தாள். முதல் குழந்தை பிறந்து, பால்குடி மறக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அதிலிருந்து வசந்தாவின் அம்மா அஞ்சலை மகள் வீட்டிலேயே இருக்கிறார். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் சாவுக்குப் போகக்கூடாது, பாடையைத் தொடக்கூடாது, சுடுகாட்டுப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எங்கள் வேதக்காரக் கிறிஸ்தவ வீடுகளில் இவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால் எனக்கு உறைக்கவே இல்லை.

அஞ்சலை ஒரு நாள் மருமகனின் சைக்கிளைத் திருப்பிப்போட்டுப் பார்த்திருக்கிறார். டயர்ப் பல்லில் பொரியும் ரோஜா இதழும் அப்பியிருந்தன. அப்படியே பஸ் பிடித்து என் ஷெட்டுக்கு வந்துவிட்டார். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவும் இல்லை. முந்தானையில் முடிந்திருந்த பொரியை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தார்.

“போன புள்ள போயிடுச்சும்மா. இத நான் வுட மாட்டேன். சுடுகாடு இல்லாத ரோடா பாத்து ஓட்டு, இல்லன்னா எங்க மாப்ளைய வுட்டுடு.”

பின்னால் வந்த சத்தம்

சேகரை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. அவனுக்கும் பிடித்த வேலை என்று இது ஒன்றுதான் இருந்தது. ஆகவே வாரம் முழுக்க வழி தேடி அலைந்தேன். ஏரிக்கரை வழியாகப் போனால் கரை முடியும் இடத்தில் தகனமேடை. வாய்க்கால் ஓரமாகப் போனால் பிணம் புதைத்த மண் மேடுகள். மூலக்குளம் தாண்டி ஒரு அருமையான சரளைப் பாதை கிடைத்தது, அது எங்கள் ஆட்களின் கல்லறைத் தோட்டத்தில் போய் முட்டியது. செத்தவர்களை விட்டால் இந்த மண் ரோடுகளுக்கு வேறு நாதி இல்லை போலிருக்கிறது.

கடைசியில் வடக்கே செம்மண் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் தனியாகப் போனேன். கிராவல் பைக்கில் மிதிப்பதை நிறுத்தினால் பின் சக்கரத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். மிதிக்கும்போது வராது. நான் மிதித்துக்கொண்டே போகிறேன், பின்னால் டிக் டிக் கேட்கிறது. யாரோ மிதிக்காமல் சறுக்கிக்கொண்டு வருகிறார்கள். வழிவிட ஒதுங்கி நின்றேன். சத்தமும் நின்றது. வளைவு வரைக்கும் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. செம்மண் ஈரத்தில் என் டயர்த் தடம் மட்டும்தான் இருந்தது. திரும்பி வரும்போது அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே வந்தேன் என்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சேகரிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

“முந்திரிக்காடு வேணாம்க்கா. எங்க ஊருப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு இருக்கு, கடல் வரைக்கும் போவும். அங்க சுடுகாடே கெடையாது.”

தாலாட்டு

அவன் சொன்னது உண்மைதான். தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, ஓடைக்கரையை ஒட்டிப் போகிற பாதை. பூ இல்லை, பொரி இல்லை, சாம்பல் இல்லை. சவுக்கு இலை மெத்தை மாதிரி கொட்டிக் கிடப்பதால் டயர்ச் சத்தமே எழாது. முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஆள் வருகிறதா இல்லையா என்று தெரியாது. வெளிச்சமும் அங்கே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். கஸ்டமர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வீட்டில் என்ன சொல்லியிருக்கிறாய் என்று சேகரைக் கேட்டேன். வடக்கே ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறானாம். நான் அதைத் துருவவில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் ஒன்று கவனித்தேன். எல்லாரும் தோப்பைத் தாண்டிக் கடற்கரை மணலுக்கு வந்துவிடுவார்கள், சேகர் மட்டும் வர மாட்டான். வெகுநேரம் கழித்து வந்து தண்ணீர் குடிப்பான். ஒரு ஞாயிறு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு கஸ்டமர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பயந்த சுபாவக்காரர் இல்லை. இமயமலையில் எல்லாம் ஓட்டியவர்.

“மேடம், உள்ள யாரோ தாலாட்டு பாடறாங்க. நின்னு கேட்டுப் பாத்தேன். குழந்தை சத்தம் மட்டும் வரவே இல்ல.”

கடைசி ஆள்

அன்று கஸ்டமர்களைக் கடற்கரையில் உட்காரவைத்துவிட்டு நான் தோப்புக்குள் திரும்பிப் போனேன். பாடல் எதுவும் கேட்கவில்லை. பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே சேகர் நின்றுகொண்டிருந்தான். சைக்கிளைத் தரையில் போட்டிருந்தான். ஒரு நாளும் அவன் அப்படிப் போடுகிறவன் இல்லை. அவன் காலடியில் சின்னதாக ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல். மண்ணில் பால் கொட்டிய ஈரம், இன்னும் காயவில்லை.

பால்குடிக் குழந்தைகளை அவர்கள் ஊரில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை, இப்படித் தோப்போரம் புதைத்துவிடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சுடுகாடே கிடையாது என்று அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கோபப்படலாமா என்று பார்த்தேன், வரவில்லை. வாரத்தில் ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போக அவனுக்கு வேறு வழி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நீ பால் ஊற்றுவது வசந்தாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அவன் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் ஊத்தலக்கா. நான் வர்றதுக்கு முன்னாடியே ஊத்தியிருக்கு. வாரா வாரம் யாரு ஊத்தறாங்கன்னே தெரியல.”

சொம்பு

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் சரியில்லை. அடுத்த ஞாயிறு, தவளக்குப்பத்தில் டீக்கு நிறுத்திய இடத்தில் கும்பலைச் சேகரிடம் விட்டுவிட்டு, பாதை சரிபார்க்கப் போகிறேன் என்று சொல்லி முன்னால் போனேன். தோப்புக்குள் நுழைந்ததுமே கேட்டது. தாழ்ந்த குரலில், வார்த்தை புரியாத ராகம். சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு அடிக்கும் தோன்றியது.

கல்லுக்கு எதிரே அஞ்சலை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், கையில் பால் சொம்பு. மண்மேட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, முதல் வார்த்தையாக மாப்பிள்ளையும் வருகிறாரா என்று கேட்டார். இந்தப் பக்கம் வருவது நான் மட்டும்தான், சேகர் வேறு கும்பலோடு வடக்கே போயிருக்கிறான் என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. எனக்கு நின்றுவிட்டது, ஏனென்றால் கும்பல் இந்நேரம் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கும், தோப்புக்குள் வந்தால் சத்தமும் கேட்காது. நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொம்பைக் கவிழ்த்து மிச்சப் பாலையும் மண்ணில் விட்டார்.

“அவன் சிரிச்சதெல்லாம் அப்பன் கொரலுக்கு மட்டுந்தாம்மா. மாப்ள இங்க வந்து நின்னாருன்னா, அவரு பின்னாடியே வூட்டுக்கு வந்துடுவான். வந்தா வயித்துல இருக்கறத வுட மாட்டான். அதான் நான் வந்து பால ஊத்தி, தூங்க வெச்சுட்டுப் போறேன்.”

அன்று கும்பல் வந்து சேருமுன் அவர் போய்விட்டார். சேகரை வராதே என்றும் அந்த அம்மாவைப் போகாதே என்றும் சொல்லத் தைரியம் இல்லாததால், இப்போது தோப்பு தொடங்கும்போதே மாமியார் எழுந்து போக நேரம் கிடைக்கட்டும் என்று விடாமல் மணியடித்துக்கொண்டே போகிறேன், ஏன் என்று கேட்கும் கஸ்டமர்களிடம் பாம்புக்காக என்கிறேன், பாம்புக்கு ஏது காது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.