மீசை வைத்த என் முகம்

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் சித்தப்பாவின் மூக்கு. நுனி சற்றே கீழே வளைந்த, பெண்பிள்ளைக்கு எந்த விதத்திலும் உதவாத மூக்கு. இதை எவன் கட்டுவான் என்று அம்மா அலுத்துக்கொள்வாள். சித்திக்குத்தான் அது தேவைப்பட்டது.

சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். புதுச்சேரியில் அந்தக் கொடி இறங்கிய பிறகும் அந்தப் பட்டாளத்தை விடவில்லை. அல்ஜீரியாச் சண்டையில் செத்துப்போனார் என்று ஒரு காகிதம்தான் வீடு வந்து சேர்ந்தது. வீட்டில் இருந்த அவருடைய ஒரே படம் சித்தியோடு எடுத்த கல்யாணப் படம். அதை எடுக்கப் பெட்டியைத் திறந்தால், கறையான் சித்தப்பாவின் முகத்தைத் தின்றுவிட்டுப் பக்கத்தில் நின்ற சித்தியை அப்படியே விட்டுவைத்திருந்தது. கறையானுக்கும் ஓரவஞ்சனை உண்டு போலிருக்கிறது.

சித்தி கன்னியர் பள்ளிக்கூடத்தில் எண்ணெய் வண்ணம் பழகியவள். புதுச்சேரியில் சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் மாடி அறைக்கு, ஓவியக்கூடம் என்ற பொருளில் ‘அத்தெலியே’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்து, சித்தப்பாவை நினைவிலிருந்தே வரைய உட்கார்ந்தாள். பகலெல்லாம் வரைவாள். வெளிச்சம் போகிற நேரத்தில் பிடிக்காததைக் கத்தியால் சுரண்டி எடுப்பாள். அப்புறம் அன்றைய வேலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தினக்குறிப்பில் எழுதுவாள்.

“நெத்தி இருக்கட்டும். மூக்கு அவருது இல்ல. சுரண்டியாச்சு.”

அந்த மூக்கு பிடிபடவே இல்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை மாடிக்குக் கூப்பிட்டாள்.

“ஆடாம உக்காருடி. மூக்க மட்டும் குடு, பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்.”

அன்று “மூக்கு வந்துடுச்சி” என்று எழுதியபோது அழுதாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மறுநாள் தாடை கேட்டாள். அப்புறம் காது, பிறகு உதட்டோரம். கேட்கக் கேட்கக் கொடுத்தேன். சுரண்டுவதும் குறைந்துகொண்டே வந்தது.

படம் முடிந்ததும் அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினாள். காக்கி உடுப்பு, பித்தளைப் பொத்தான், முறுக்கு மீசை. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

“ஏம்மா, இது நம்ம பொண்ணாச்சே! மீச வச்சி விட்டுருக்க.”

நான் கைதட்டிக் குதித்தேன். சித்தி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, அவரு எப்படி இருப்பாரு? கண்ண மூடினாலும் இவதான் வரா.”

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். மூக்கு என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அன்று சித்தி கத்தியைத் தொடவில்லை, தினக்குறிப்பும் எழுதவில்லை. அத்தெலியேவைப் பூட்டினாள். பிறகு அது திறக்கவே இல்லை. என்னை நேராகப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். சோறு போடும்போதுகூடத் தட்டைப் பார்த்துத்தான் போட்டாள். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் அழுதேன். என்னை வரைந்ததில் அவளுக்குச் சந்தோஷமே இல்லையா என்று கோபமும் வந்தது. அந்தக் கோபத்தோடேயே, எங்கள் சித்தி என்னைச் சொல்தாவாக வரைந்திருக்கிறாள் என்று தெருப்பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டேன். கறையானுக்குத் தப்பிச் சித்தியின் நினைவில் இருந்த சித்தப்பாவை என் முகம் தின்று தீர்த்துவிட்டது என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?