ஐம்பத்து நான்காம் எண்ணின் பேட்ஜ்

அவள் அதைத் திருடவில்லை. இன்னும் பத்துப் பேர் வந்து சத்தியம் செய்தாலும் திருடவில்லைதான். செத்துப்போன பையனின் படம் போட்ட பேட்ஜை, அவன் சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த பூக்களுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாளாம். ஹார்லோ ஊர் முழுக்க இதே பேச்சு. முடிவெட்டும் கடையில் பேசுகிறார்கள், தேவாலயப் படியில் நின்று பேசுகிறார்கள், அடுத்த வீட்டு கார்லீன் தொலைபேசியில் பேசுகிறாள். சவப்பெட்டி வைத்திருந்த கூடத்துக்குள் ஆர்டெத் காலே வைக்கவில்லை. வெளியே தன் காருக்குள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள், எஞ்சினைக்கூட அணைக்கவில்லை, அப்படியே திரும்பிப் போய்விட்டாள். உள்ளே போகாதவள் எதைத் திருடுவாள்?

இன்னொன்றும் கேட்கிறார்கள். பிள்ளைகுட்டி இல்லாத பொம்பளைக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதி ஆடும் ஃபுட்பாலில் வெள்ளிக்கிழமை தவறாமல் என்ன வேலை என்று. இதைக் கேட்கிற வாய்க்கு வெட்கம் வேண்டாமா? ஊரில் மொத்தமே மூவாயிரம் பேர். வெள்ளிக்கிழமை மைதானத்து விளக்குகள் எரிந்தால் அதில் இரண்டாயிரம் பேர் பலகைப் படிகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிறவர்கள் நாற்பது பையன்கள். நாற்பது பையன்களுக்கு எத்தனை அப்பா அம்மா இருக்க முடியும்? மற்றவர்களெல்லாம் யார்? முடிவெட்டும் எல்டன் இருபத்திரண்டு வருடமாக வருகிறார், அவருக்கு ஒரு பூனைதான் உண்டு. அவரை யாரும் கேட்டதில்லை. ஆர்டெத்தைக்கூட அந்த அக்டோபர் வரைக்கும் யாரும் கேட்டதில்லை. பாப்கார்ன் பையும் சிவப்பு மெத்தையுமாக ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தலை, அவ்வளவுதான்.

அவள் ஜாடித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். பின்னால் வெள்ளை வெளிச்சம், முன்னால் ஓடும் பட்டையில் கண்ணாடி ஜாடிகள், ஒன்றன்பின் ஒன்றாக, நாள் முழுக்க. நூறு ஜாடி நன்றாக இருக்கும். நூற்றியோராவது ஜாடியின் கழுத்தில் மயிரளவு கீறல் இருக்கும். அதை அவள் பார்த்துவிடுவாள். எப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். பெரிய கோளாறு கண்ணில் பட்டால் அதைப் பிடித்து இழுக்க வேண்டும், பட்டை நின்றுவிடும். இழுத்தவளை யாரும் 'அது உன் ஜாடியா?' என்று கேட்க மாட்டார்கள்.

மைதானத்திலும் அவள் கண் அப்படித்தான் வேலை செய்தது. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதி, பத்துப் பையன்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து எழும்போது, படியில் இருக்கும் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் எண்ணைத்தான் தேடுவாள். பதினேழு எழுந்தானா, முப்பத்திரண்டு எழுந்தானா. தன்னுடையது எழுந்துவிட்டால் மூச்சு விட்டு காபியைக் குடிப்பாள். குற்றம் சொல்லவில்லை, தாய் என்றால் அப்படித்தான். ஆர்டெத்துக்குத் தேட எண் எதுவும் இல்லாததால் பதினொருவரையும் பார்த்தாள்.

ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒருவனைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பாள். ஆகஸ்டில் பெற்றோர் இரவு நடக்கும். ஒவ்வொரு பையன் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், அவன் அப்பா அம்மாவோடு கைகோத்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்து வருவான். மகன் படமும் எண்ணும் போட்ட வட்டமான தகரப் பேட்ஜை அம்மாக்கள் நெஞ்சில் குத்தியிருப்பார்கள். எந்தப் பையன் தனியாக நடந்து வருகிறானோ அவன்தான் அந்த வருடம் ஆர்டெத்தின் ஆள். அவனிடம் பேச மாட்டாள். பெயர் சொல்லிக் கத்த மாட்டாள். பார்ப்பாள், அதற்குமேல் ஒன்றுமில்லை. யாராவது ஒருத்தர் பார்த்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

அந்த வருடம் தனியாக நடந்து வந்தவன் வெண்டல் ஸ்பர்லாக். எண் ஐம்பத்து நான்கு. அவன் அம்மா ட்வைலா முதியோர் இல்லத்தில் மாலை வேலை. நாற்பது கிழவர்களுக்குச் சாப்பாடு ஊட்டித் துணி மாற்றிப் படுக்கவைக்கும் வேலையை விட்டுவிட்டு எப்படி வருவாள்? அவளுக்கான பேட்ஜை ஒரு உறையில் போட்டு வெண்டலின் கையில் கொடுத்தார்கள். அதை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றான், சிரித்தான், திரும்பி வந்தான்.

ஒரே ஒரு தரம் அவன் ஆர்டெத்திடம் பேசியிருக்கிறான். மளிகைக் கடையில் சாமான் பையில் போடும் வேலை சனிக்கிழமைகளில் அவனுக்கு.

"முட்டைய மேல வைக்கட்டுமா, தனியா வைக்கட்டுமா அம்மா?"

"மேலயே வைப்பா."

அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த உறவு.

அக்டோபர் மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஆற்றுக்கு அக்கரை ஊரோடு ஆட்டம். அந்த ஆட்டம் என்றால் ஹார்லோவில் கடைகள் நாலு மணிக்கே சாத்திவிடும். ஆட்டத்தின் நாலு கால்பகுதிகளில் இரண்டாவதில் வெண்டல் ஒருவன்மேல் பாய்ந்து விழுந்தான். மற்றவர்கள் எழுந்தார்கள், அவன் எழவில்லை. படிகள் அமைதியாயின. பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து நின்றான். உடனே இரண்டாயிரம் பேரும் கை தட்டினார்கள். விழுந்த பையன் எழுந்தால் கை தட்டுவது இந்த ஊர் வழக்கம். எதிரணிப் பையனாக இருந்தாலும் தட்டுவார்கள், அது மரியாதை. ஆர்டெத்தும் தட்டினாள்.

வெண்டல் திரும்பி நடந்தான். நடந்தது அக்கரைக்காரர்களின் பெஞ்சை நோக்கி.

படிகளில் சிரிப்பு வெடித்தது. "ஏய், அவனுக்கு அந்தப் பக்கத்துப் பொண்ணு எவளோ கண்ணுல பட்டுட்டா போல!" என்று எல்டன் கத்தினார். கார்லீனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மகன்தான் பந்தை எறிகிறவன், எண் பன்னிரண்டு. ஆர்டெத் தட்டின கையை அப்படியே நிறுத்தினாள்.

"கார்லீன், அந்தப் பையனுக்கு என்னமோ ஆச்சு."

"ஒண்ணும் ஆகல. மண்டையில மணி அடிச்சிருக்கும். எம்புள்ளைக்கு வாராவாரம் அடிக்குது. பாப்கார்ன எடு."

இடைவேளை முடிந்து திரும்பவும் அவனை இறக்கினார்கள். அவன் ஹெல்மெட்டின் தாடைவாரை மாட்டப் பார்த்தான். வலது கை கொக்கியைப் பிடித்தது. இடது கை எங்கேயோ காற்றில் தேடியது, கன்னத்தில் பட்டது, நழுவியது, மறுபடி தேடியது. கூட ஆடுகிற பையன் ஒருவன் மாட்டிவிட்டான். இதைப் பார்த்தவள் இரண்டாயிரம் பேரில் ஒருத்திதான்.

மெத்தையை வைத்துவிட்டுப் படி இறங்கினாள். வேலியோரம் உதவிப் பயிற்சியாளர் பர்டிக் நின்றிருந்தார். முப்பது வயசு இருக்கும், வகுப்பில் வரலாறு நடத்துகிறவர், கெட்டவர் இல்லை.

"தம்பி, அம்பத்து நாலாம் நம்பர வெளிய எடுங்க."

"என்னம்மா?"

"அவன் இடது கை வேல செய்யல. நான் பாத்தேன். அவன வெளிய எடுங்க."

பர்டிக்கின் கண் ஆட்டத்தில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைக்கு எத்தனை பேர் இந்த வேலிக்கு வந்து 'அவனை எடு, இவனைப் போடு' என்று கத்துகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். "யாரோட அம்மா நீங்க?" என்றார்.

ஆர்டெத் பொய் சொல்லத் தெரியாதவள். "யாரோட அம்மாவும் இல்ல."

"அத்தையா?"

"இல்ல. எனக்கு அந்தப் பையன் யாருமில்ல."

"அப்ப மேல போய் உட்காருங்கம்மா. மறைக்கிறீங்க."

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். விளக்குக் கம்பமும் பூச்சிகளும்தான் இருந்தன. இழுக்கக் கயிறு எதுவும் இல்லை. பிறகு படி ஏறி, ஒன்பதாவது வரிசைக்குப் போய், சிவப்பு மெத்தையில் உட்கார்ந்தாள்.

ஐந்தாறு மோதல் கழித்து வெண்டல் விழுந்தான். அப்போது அவனை யாரும் தொடக்கூட இல்லை. நின்றுகொண்டிருந்தான், விழுந்தான்.

ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்தது. மதகுரு ஒலிபெருக்கியில் ஜெபம் சொன்னார். இருபது நிமிடம் கழித்து ஆட்டம் தொடர்ந்தது. ஹார்லோ ஒரு புள்ளியில் ஜெயித்தது. கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. பையன் பிழைக்க மாட்டான் என்று தெரியாமல்தான் அடித்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பையன் செத்துப்போனான்.

அடுத்த வாரம் பள்ளி நூலகத்தில் விசாரணை. சின்ன நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் எழுந்து, முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லை, யார் கண்ணிலும் எதுவும் படவில்லை என்றார். குரல் தழுதழுத்தது, நடிப்பில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆர்டெத் எழுந்து நின்றாள்.

"என் கண்ணுல பட்டுச்சு. போய்ச் சொன்னேன்."

பர்டிக் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே, "ஒரு அம்மா வந்து என்னமோ சொன்னாங்க. வாராவாரம் யாராவது வந்து சொல்வாங்க" என்றார்.

விசாரணைக் குழுத் தலைவர் கண்ணாடியை இறக்கி ஆர்டெத்தைப் பார்த்தார். "இறந்த பையனுக்கு நீங்க என்ன உறவு?"

"உறவு இல்ல."

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க யாராவது படிக்கிறாங்களா?"

"இல்ல."

"அப்படியா, நன்றி. உட்காருங்க."

யாராலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆர்டெத் சொன்னது அந்தத் தாளில் ஒரு வரியாகக்கூட இல்லை. ஆனால் ஊரில் அது தாளில்லாமலே பரவியது. பயிற்சியாளர் தலையை வாங்கப் பார்க்கிறாள் என்றார்கள். பையன்களை வெறிக்கிறவள் என்றார்கள். தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே யாரும் உட்காரவில்லை. ஒருநாள் கார்லீன் வேலிக்கு அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டே கேட்டாள்:

"எனக்கு ஒண்ணுதான் புரியல ஆர்டெத். நீதான் அவ்ளோ பாத்தியே, அப்புறம் ஏன் போய் உட்காந்த?"

ஆர்டெத் தன் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்பில் பீன்ஸ் வேகும், அப்படியே ஆறும், காலையில் குப்பைக்குப் போகும். பட்டையில் ஓடும் ஜாடிகளில் கீறல் இல்லாததையெல்லாம் தூக்கித் தூக்கி எறிகிறாள் என்று மேற்பார்வையாளர் இரண்டு தரம் கூப்பிட்டுச் சொன்னார்.

நவம்பரில், ஊரில் அந்த வருடத்துக் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், அவள் கதவை யாரோ தட்டினார்கள். முதியோர் இல்லத்துப் பச்சைச் சீருடை, அதன்மேல் ஆண்பிள்ளைக் கோட்டு. அதுவரை ஆர்டெத் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் பையனின் நெற்றி அதில் அப்படியே இருந்தது.

"நீங்கதானே ஆர்டெத்?"

"ஆமா. உள்ள வாங்க. காபி..."

"காபி வேண்டாம்." ட்வைலா சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "யாரும் எங்கிட்ட சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க. துக்க வீட்டுக்குன்னு கேசரோல் சாப்பாடு கொண்டாந்து வச்சிட்டு ஓடிடறாங்க. ஃப்ரிட்ஜுல பதினோரு கேசரோல் இருக்கு. நீங்க சொல்லுங்க. என்ன பாத்தீங்க?"

ஆர்டெத் சொன்னாள். பெற்றோர் இரவில் தொடங்கினாள். ஹெல்மெட்டுக்குள் உறையை வைத்துக்கொண்டு நடந்தது, செப்டம்பரில் ஒரு ஆட்டத்தில் பந்தைப் பிடுங்கி ஓடினது, குளிரில் கையை அக்குளில் வைத்துக்கொள்வது, அடுத்தவன் விழுந்தால் முதலில் கை நீட்டுவது. ட்வைலா ஒருநாளும் பார்க்காத ஆட்டமெல்லாம் அந்த மேசையில் நடந்தது. பிறகு மூன்றாவது வெள்ளிக்கிழமை. எழுந்தது, கை தட்டினது, சிரித்தது, இடது கை.

"நானும் தட்டினேன்" என்றாள் ஆர்டெத். "அப்புறம் கீழ போய்ச் சொன்னேன். யாரோட அம்மான்னு கேட்டாங்க. யாருமில்லன்னேன். போய் உட்காருன்னாங்க."

"உட்காந்துட்டீங்க."

"உட்காந்துட்டேன்."

குளிர்பெட்டி உறுமி நின்றது. ட்வைலா தன் கைகளைப் பார்த்தாள். கழுவிக் கழுவி வெடித்த கைகள்.

"அவன் அம்மான்னு ஒரு வார்த்த பொய் சொல்லியிருந்தா செத்தா போயிருப்பீங்க?"

"தோணல."

"எனக்குப் பதிலா அங்க இருந்தது நீங்க ஒருத்திதான். உங்களுக்கு அது தோணல."

ஆர்டெத் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பாரத்தையும் எதிரே இருப்பவள் தூக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ட்வைலா எழுந்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உறை கசங்கியிருந்தது, ஒட்டின வாய் பிரிக்கப்பட்டிருந்தது.

"நான் இத ஒருநாள்கூட குத்திக்கல. குத்திக்கிட்டுப் போக நேரமில்ல. நாளைக்கு ஆட்டம் இருக்காமே. நீங்க குத்திக்கிட்டுப் போங்க."

"என்னால முடியாதும்மா."

"நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. மன்னிக்கல. அடுத்த தரம் யாரோட அம்மான்னு கேட்டா இதக் காட்டுங்க. அப்புறம், இனிமே அங்க உட்காராதீங்க. ஒரு ஆட்டத்துலயும் உட்காரக் கூடாது. வேலியோரம் நில்லுங்க. கால் வலிச்சாலும் நில்லுங்க."

அவள் போன பிறகும் கதவு கொஞ்சம் திறந்தே கிடந்தது. குளிர் உள்ளே வந்தது. ஆர்டெத் எழுந்து சாத்தவில்லை.

திருட்டு என்கிறார்கள். இதில் எங்கே இருக்கிறது திருட்டு?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து முகம் கழுவினாள். நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பேட்ஜைக் குத்தினாள். ஊசி ஒருமுறை விரலில் ஏறியது, துடைத்துவிட்டு மறுபடி குத்தினாள். வெண்டல் அதில் சிரித்துக்கொண்டிருந்தான், தோளில் ஐம்பத்து நான்கு. ஜன்னலுக்கு வெளியே கார்லீன் தன் காரை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள், அவள் நெஞ்சிலும் ஒரு வட்டத் தகரம், எண் பன்னிரண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கார்லீனின் பார்வை முகத்திலிருந்து இறங்கி நெஞ்சில் வந்து நின்றது. அந்தத் திருட்டுப் பேச்சு தொடங்கியது அங்கேதான், அந்த நொடியில்தான்.

சிவப்பு மெத்தை நாற்காலியில் கிடந்தது. ஆர்டெத் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. தூரத்தில் மைதானத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கதவைத் திறந்து வெளியே போனாள்.