இடிக்காமல் போட்ட கொழிஞ்சி

போன வாரம் வயிறு சரியில்லை என்று நான் படுத்ததும், மகள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். பிரித்தால் கொழிஞ்சி வேர். மோரில் அரைத்துக் குடித்தால் வலி கேட்கும். அந்தக் கசந்த மண்வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வலி மறந்து, வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நேரில் என்றால் சொல்ல மாட்டேன். நாலு பேர் முன்னால் பெயரைக் கேட்டாலே சேலைத் தலைப்பைத் திருகுகிறவள் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தைரியம்தான்.

கொழிஞ்சி முழங்கால் உயரச் செடி. சிவப்பும் ஊதாவும் கலந்து பொடிப் பொடியாகப் பூக்கும். ஆழ்வார்திருநகரிப் பக்கம் எங்கள் வீட்டுப் புறவாசலில், வாய்க்காலை ஒட்டிக் கொஞ்சம் காய்கறித் தோட்டம் உண்டு. கத்தரி ஓய்ந்ததும் அதில் கொழிஞ்சி போடுவோம். பூத்தவுடன், காய் பிடிக்குமுன், மண்ணோடு கொத்தி மடக்கிவிட்டால் அடுத்த கத்தரிக்கு வேறு உரம் வேண்டாம். விதையின் தோல்தான் கல் மாதிரி. மணலோடு உரலில் போட்டுப் பைய இடித்தபிறகே விதைக்க வேண்டும்.

அண்ணன் கட்டிவந்த மைனி பேச்சியம்மாள், குலசேகரன்பட்டினம் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரி. அங்கே கொழிஞ்சியை யாரும் விதைப்பதில்லை, செம்மணலில் அதுவாகக் கிடக்கும். வந்த வருஷமே விதைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே வீசிவிட்டாள். இடது கைக்காரி. கிணற்றுச் சுவர்ப் பக்கமே நிறைய விழுந்தது.

"இடிச்சியாட்டி?" என்றாள் அம்மா.

"எதுக்கு அத்தை இடிக்கணும்? எங்க ஊர்ல தானா மொளைக்குது."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏளா, கல்லையா விதைச்சிருக்க? வீடு மொளைக்குமோ?"

"சிரிங்க, சிரிங்க. அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப மொளைக்கும்."

முளைக்கவில்லை. ஐப்பசியில் மைனிக்குக் காய்ச்சல் கண்டது. மழை விடுமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யாரும் கை வைக்கவில்லை. புல்தான் கிடந்தது.

அம்மாவுக்கு அண்ணனை மறுபடி ஒருத்தி கையில் ஒப்படைக்க வேண்டும். தினமும் சோறு போடும்போது ஆரம்பிப்பாள். "ஏலே, எத்தனை நாளு ஒத்தையா இருப்ப?" ஒருநாள் பொறுக்காமல் அண்ணன் சொன்னான்: "அவ போட்டது மொளைக்கட்டும். பொறவு பாப்போம்." இடிக்காத விதை. அம்மா சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சில மழைக்காலம் கழித்து ஒரு காலையில் புறவாசலில் பல் துலக்கப் போன அண்ணன் அங்கேயே நின்றுவிட்டான். புல்லுக்கு நடுவே கொழிஞ்சி. கிணற்றுச் சுவர் ஓரம் அடர்த்தியாக, இந்தப் பக்கம் வர வரக் குறைந்து, வீசிய கை அப்படியே தெரிந்தது.

"எம்மா, நீங்க போட்டீளா?"

"நா போடலலே. ஒன் தலைமேல சத்தியம்." அம்மா கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் புறவாசல் கதவைத் திறக்கப் பயந்தாள். எனக்கும் பயம்தான். காற்றே இல்லாமல் செடி அசைவதுபோல் இருக்கும்.

பூத்த அன்று அண்ணன் மண்வெட்டியை எடுத்தான்.

"வேண்டாம்ல, கெடக்கட்டும்," என்று அம்மாவே தடுத்தாள்.

"பூத்தா மடக்கணும்மா. அவ சொன்னபடி மொளைச்சிட்டா. நா சொன்னபடி நிக்கணும்லா."

பொழுது சாயும்வரை ஒரு செடி விடாமல் மடக்கினான். கால் கழுவிவிட்டு வந்து, "பொண்ணு பாக்கணும்னா பாருங்க," என்றான். அவ்வளவுதான். அந்த வருஷம் கத்தரி கொப்பு முறியக் காய்த்தது. அண்ணன் ஒரு காய் தொடவில்லை.

புது மைனி நல்லவள். அவள் மனம் நோகக்கூடாது என்று பழைய பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அப்படியே பழகிவிட்டது. அம்மா போனாள், புது மைனி போனாள், போன தையில் அண்ணனும் போனான். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. பேச்சியம்மாள் மைனி ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை.

அண்ணன் காரியத்தன்று அவன் மூத்த மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எப்படியோ வாயில் வந்துவிட்டது. "ஒங்க அப்பாவுக்குப் பேச்சியம்மான்னா..."

"யாரு அத்தை அது?"

சுற்றிலும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பைத் திருகினேன்.

"யாருமில்லய்யா," என்றேன்.