வாசலைப் பார்த்திருந்த சப்பாத்து

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்தும் கோணும், நினைவும் கோணும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து மட்டும் எனக்கு மறக்கவில்லை. மினுமினுவென்று துடைத்து, நுனி வாசலைப் பார்க்க வைத்திருக்கும்.

எண்பதுகளில், துபாய் தேராவில், ஒரு ஜப்பான்காரர் வீட்டில் வேலைக்கு இருந்தேன். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து போனவள் நான். தலை நிமிர்ந்து பேசவே கூச்சம். அவர் ஏதோ கம்பெனியில் பெரிய மேனேஜர். மேடம் என்னை விட இளையவள், நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை. சாயந்தரம் லிஃப்ட் சத்தம் கேட்டதும் மேடம் ஓடி வந்து வாசலில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நெற்றி தரையில் படக் குனிவாள். அவர் அவளைப் பாராமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். காலையில் அவர் கால் நுழைப்பதற்குத் தோதாக அதைத் திருப்பி, வாசலைப் பார்க்க வைப்பது அவள் வேலை. முதலில் அவர் குளிப்பார். அதே தொட்டித் தண்ணீரில் கடைசியாக அவள். குளிப்பு, சோறு, படுக்கை: வீட்டில் அவர் வாயிலிருந்து வந்தது இந்த மூன்று சொல்தான். மிச்சத்தைக் கை பேசியது. இனி அவரை அவன் என்றே எழுதுகிறேன்.

எங்கள் லயத்தில் ஒருத்தன் பெண்சாதியை அடித்தால் ஒரே கூரைக்குக் கீழே உள்ள பத்துக் காம்பராவுக்கும் கேட்கும். யாராவது ஒரு கிழவி வெளியே வந்து காறித் துப்புவாள். இங்கே ஏசி சத்தத்தில் எல்லாம் அடங்கிப் போகும். முகத்தில் அடிக்க மாட்டான், அவ்வளவு கெட்டிக்காரன். அந்த வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போட்டாள். அவனுடைய மேலதிகாரியின் மனைவி ஒரு நாள் தேநீர் குடிக்க வந்தவள், சட்டை விலகி மணிக்கட்டு நீலமாய்த் தெரிந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். பொறுத்துப் போகச் சொன்னதாக மேடம் பிறகு உடைந்த இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு அதில் புதுசு ஒன்றுமில்லை. "ஆம்பள கை நீட்டத்தான் செய்வான்" என்று என் மாமியார் சொன்னதும் அதேதான். பாஷைதான் வேறு.

மேடத்துக்கு இருந்தது ஒரே ஆசை, பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனால் அவள் பாஸ்போர்ட் என் பாஸ்போர்ட்டோடு சேர்ந்து அவன் இரும்பு அலமாரியில் கிடந்தது. வேலைக்காரியுடையதைத்தான் பிடுங்கி வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

கீழே கடை வைத்திருந்த கீழக்கரை பாய் ஒரு தரம் சொன்னார்: "அந்த நாட்டுப் பொம்பளையப் பாத்தியா தங்கச்சி? வாயில விரல வச்சாக் கடிக்கத் தெரியாது. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே!"

எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ. "அப்படின்னா நீங்க போய் அவனுக்கு வாக்கப்படுங்க பாய்" என்றேன். சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஒரு சாயந்தரம் அவள் முழங்கால் போடவில்லை. கை வீங்கியிருந்தது. சப்பாத்து அவன் கழற்றிப் போட்டபடியே, நுனி வீட்டைப் பார்த்துக் கிடந்தது. மறுநாள் காலையில் அவன் வாசலில் நின்று கூப்பிட்டான். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இருந்தாள். அவன் சப்பாத்தைக் காட்டி, என் பக்கம் விரலை நீட்டினான். ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மாஃபி" என்றேன். முடியாது என்று நான் ஒரு ஆம்பிளையிடம் சொன்னது அதுதான் முதல் தரம். அவன் ஒரு சப்பாத்தை எடுத்து அவள் மேல் எறிந்தான். தோளில் பட்டு விழுந்தது.

அந்தப் பிள்ளை கதிரையிலிருந்து இறங்கியது. சப்பாத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், தாயைப் போலவே முழங்கால் போட்டு, நுனியைத் திருப்பி வைத்து, நெற்றி தரையில் படக் குனிந்தது.

மேடம் எழுந்தாள். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி, வெறுங்காலோடு லிஃப்டில் இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன். கீழே கடையில் பாய் டெலிபோனை அவள் பக்கம் நகர்த்தினார். அவளுடைய அண்ணன் ஜப்பானிலிருந்து வந்து நின்ற பிறகுதான் பாஸ்போர்ட் வெளியே வந்தது. அதற்கும் ஒரு ஆம்பிளை வர வேண்டியிருந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் பிள்ளையோடு போனாள். எனக்கும் வேலை கலாஸ், முடிந்தது என்று ஊருக்கு அனுப்பிவிட்டான்.

போன கிழமை என் மகன் வேலை விட்டு வந்து, கதிரையில் சாய்ந்து, காலை நீட்டினான். சப்பாத்தைக் கழற்ற மருமகள் குனிந்தாள்.

"விடு புள்ள" என்றேன். "அவனுக்கும் கை இருக்கு."

"என்னம்மா, இதுக்குப் போயி..." என்றான்.

"இதுக்குத்தான்."

அவனே கழற்றினான். நுனி வீட்டைப் பார்த்துக் கிடந்தது. ஒருத்தரும் திருப்பி வைக்கவில்லை.

சப்பாத்தைத் திருப்பி வைப்பது அந்த நாட்டில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கமா, குளிக்கும் முறையை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அடித்ததை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் கண்ணால் பார்த்தேன்.