பால் பொங்கினால் இங்கேயே

நூம்பலில் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. விடிவதற்குள் எழுந்து வந்து வாசல் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன். என் கதவு! படாரென்று சாத்தினாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்பத்தூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான். "கொஞ்ச நாள்தான், ஊருக்கே போயிடலாம்" என்பதே என் வீட்டுக்காரரின் பாட்டு. வீடு கட்டி முடித்த பிறகும் விட்டாரா? முந்தின நாள் சாயங்காலம், "பால் நல்லாப் பொங்குச்சுன்னா இங்கியே இருந்துடலாம். இல்லேன்னா வாடகைக்கு உட்டுட்டு ஊருக்குக் கெளம்பிடலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த ஆளை எனக்குத் தெரியாதா? சகுனம் என்றால் உயிர்.

புது அடுப்பில் பாலை ஏற்றினேன். சொந்தக்காரர்கள் சமையலறை வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். நூம்பலிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அக்கா, பால் கிழக்கே வழிய வேண்டுமென்று பாத்திரத்தைச் சற்றே சாய்த்து வைத்தார். பால் ஏறியது. விளிம்பைத் தொட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது என் கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டது!

பால் பொசுக்கென்று உள்ளே இறங்கியது.

"அய்யய்யோ, இன்னாம்மே பண்ணிக்கினு கீறே?" அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

வாடகை வீட்டு மேடையில் ஒரு சொட்டுப் பால் சிந்தினால் போதும், கறை போகாது என்று வீட்டு ஓனரம்மா காது கிழியக் கத்துவார். பால் எழும்பினாலே அடுப்பை அணைத்து அணைத்துப் பழகிப்போன கை. பாழாய்ப்போன கை! என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரே வந்தார். அடுப்பைப் பற்றவைத்தார். என் இரண்டு கைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சகுனம்..." என்று இழுத்தேன்.

"அது ஓனரம்மாவுக்குப் பயந்த பால். இப்பப் பாரு."

பால் எழும்பியது. என் கை அடுப்பை அணைக்கப் பாய்ந்தது. அவர் விடவில்லை. பொங்கி, கிழக்கே வழிந்து, மேடை முழுக்க ஓடித் தரையில் சொட்டியது. வாசலில் ஒரே கைதட்டல், கூச்சல். நானோ பழக்கதோஷத்தில் துணியைத் தேடினேன்.

"உடு, அப்புறம் தொடச்சிக்கலாம்" என்றார். "கறை புடிச்சா புடிக்கட்டும். கடைசி வரைக்கும் நாமதானே அதப் பாத்துக்கினு இருக்கப்போறோம்."