வலைக்கண்ணுக்குள் மூன்று விரல்

மூன்று விரல்களையும் ஒன்றாகச் சேர்த்து வலையின் கண்ணுக்குள் விடுகிறார் சிவலட்சுமி. விரல்கள் அடிவரை போனால் வலைக்காரரைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டுவார். பாதியில் தட்டினால் ஆளைப் பார்ப்பதே இல்லை. வலையைச் சுருட்டித் தன் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டத் தொடங்கிவிடுவார்.

"அக்கா, போன கிழமைதான் வாங்கினது. இன்னும் நனையவுமில்லை."

"நல்லது தம்பி. காயவைக்கிற வேலை மிச்சம்."

அதற்கு மேல் வாதாடிப் பயனில்லை. சின்னக்கண் வலையைச் சங்கம் பறிக்கலாம் என்று கையைத் தூக்கித் தீர்மானம் எடுத்தவர்களில் அந்தத் தம்பியும் ஒருவர்.

தர்மபுரத்திலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதி முடிகிற இடத்தில் இருக்கிறது நாவலடிக்குளம். அங்கே மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் சங்கத்துக்குத் தலைவி சிவலட்சுமி. சோட்டி என்கிற வீட்டுக் கவுனுக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துவாய், கழுத்தில் ஒரு விசில். அந்த விசிலை அவர் ஊதி நான் கேட்டதில்லை. ஊதத் தேவையில்லாத குரல் அவருடையது. அக்கரையில் வள்ளம் தள்ளுபவரோடு இக்கரையிலிருந்தே குடும்பக்கதை கதைப்பார். பக்கத்தில் நிற்கிற நாங்கள் எல்லாருடைய வீட்டு விசயங்களையும் கேட்டுக்கொண்டு மீன் வாங்குவோம்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் அவருடைய தாய் தகப்பன். இவர் பிறந்தது இங்கேதான். அதனால் பேச்சு முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. கோபம் தலைக்கேறினால் மட்டும் தாயின் மலைநாட்டுத் தமிழ் எங்கிருந்தோ இறங்கி வரும். "இஞ்ச வாங்கோ" என்றால் பயப்பட ஒன்றுமில்லை. "இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டால் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவது நல்லது.

இன்னொரு இரகசியமும் சொல்லிவிடுகிறேன். குளத்து மீனை ஊருக்கெல்லாம் விற்கிற இந்தப் பெண்மணி அதை வாயில் வைப்பதில்லை. அவருடைய குசினியில் கொதிப்பது முல்லைத்தீவுக் கருவாடு. ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். அவருக்குக் குரலைத் தணிக்கவும் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். "சேறு மணக்கும்," என்றார். உடனே திரும்பி, பக்கத்தில் நின்ற ஆளுக்கு, "தேன் மாதிரி இருக்கும், கொண்டு போங்கோ," என்று இரண்டு திலாப்பியாவைத் தூக்கிக் கொடுத்தார்.

மீன்பிடி உத்தியோகத்தர் ஆண்டுக்கு ஒரு முறை காற்றடைத்த பைகளில் மீன்குஞ்சு கொண்டுவந்து குளத்தில் விடுவார். எந்த வலை போடலாம், எது கூடாது, தண்ணீரில் அடித்து மீனை விரட்டக் கூடாது, எல்லாம் அவர் விளக்கமாகச் சொல்வார். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். அவருக்கும் இன்னும் எத்தனையோ குளங்கள். "சட்டம் கொழும்பில கிடக்கு. குளம் இஞ்ச கிடக்கு. ரெண்டுக்கும் நடுவில நான் சைக்கிள் ஓடுறன்," என்பார் சிவலட்சுமி. முதல் மழைக்கு மீன் சினை பிடிக்கிற நாட்களில் குளத்தில் ஒரு வலையும் இறங்கக் கூடாது என்பது மட்டும் சங்கம் தானாகவே போட்டுக்கொண்ட சட்டம். அந்த நாட்களில் ஆண்கள் கூலி வேலைக்குப் போவார்கள். போகிற வழியெல்லாம் தலைவியைத் திட்டிக்கொண்டே போவார்கள்.

கூழைக்கடாக்கள் மீனைத் தின்கின்றன, வெடி கொளுத்தி விரட்டுவோம் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அதுகளும் அங்கத்தவர்தான். கூட்டத்துக்கு வாறேல்லை, அவ்வளவுதான்," என்று முடித்துவிட்டார். நீர்ப்பறவை சுட ஒருவர் துவக்கோடு வந்தபோது குளக்கட்டின் நடுவே சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டு, "சங்கத்தில கேட்டனீங்களோ?" என்றார். வந்தவர் சிரித்தார். சிவலட்சுமி கைத்தொலைபேசியை எடுத்து வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு இலக்கம் அமத்தத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. ஆளும் நிற்கவில்லை.

வீட்டிலும் இதே நீதிதான். கணவர் செல்வராசா அதிகம் பேசாத மனிதர். ஒருமுறை அவருடைய வலையிலேயே விரல் தட்டிவிட்டது. அந்த வலையும் கரியரில் ஏறிச் சங்கக் கொட்டிலுக்குப் போனது. "பொலிஸ் நிலையத்துக்கை கலியாணம் கட்டினனான்," என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சொன்ன முகத்தில் கவலை எதையும் நான் காணவில்லை.

இன்று நாவலடிக்குளத்து மீனைத் தேடி ஓமந்தையிலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். கையகலத் திலாப்பியாவைப் பார்த்துப் பழகிய எங்கள் கண்களுக்கு இப்போது வருகிற மீன் ஒவ்வொன்றும் அதிசயமாக இருக்கிறது. போன கார்த்திகையில் ஒரு காலைப்பொழுது வேறு மாதிரிப் போயிருந்தால் இதில் ஒன்றுமே இல்லை. அதை என் கண்ணால் பார்த்தேன்.

மழைக்குக் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் சீமெந்துக் கட்டின் மேலால் வழிந்து ஓடும். வான் பாய்கிறது என்று சொல்வோம். தண்ணீரோடு மீனும் பாயும், சினை வயிற்றோடு. கீழே உள்ள பள்ளத்தில் அது வந்து விழ, ஊரே கூடை, சாரம், நுளம்புவலை என்று கையில் அகப்பட்டதோடு இறங்கி அள்ளும். எங்களுக்கு அது ஒரு திருவிழா. மீன்பிடிக் குடும்பங்களுக்கோ அது ஆண்டு முழுவதற்குமான சோறு போகிற நாள். முந்திய மாரியில் குளத்து மீனில் பெரும்பங்கு இப்படியே போய், சங்கத்தில் பாதிப்பேர் வலையை மடித்து வைத்துவிட்டு மண் ஏற்றப் போனார்கள். இன்னொரு மாரி இப்படிப் போனால் சங்கம் கலைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எனவே வான் வாசலில் மறிப்பு வலை கட்ட அனுமதி கேட்டு, மாரி விதைப்புக்கு முன் கூடும் காலபோகக் கூட்டத்துக்குப் போனார் சிவலட்சுமி. அது கமக்காரர்களின் கூட்டம். வயல்காரருக்குக் கதிரை, மீன்பிடிக்காரருக்குச் சுவரோரம். கமக்கார அமைப்பின் தலைவர் சிற்றம்பலம் ஐயா, குளத்தின் கீழே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். சுத்த சைவம். மீன் கூடை எதிரே வந்தால் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

"வலையில குப்பை அடைச்சுத் தண்ணி ஏறிக் கட்டு உடைஞ்சா எங்கட வயலுக்கு ஆர் பொறுப்பு?"

"நான் பொறுப்பு ஐயா. தண்ணி அடையாளக் கல்லுக்கு மேல ஏறினா நீங்களே வந்து வலையை வெட்டுங்கோ."

கையடித்துச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு செய்த வேலைதான் அவருடைய வாழ்நாளிலேயே பெரிய மடத்தனம். விரல் நீளக் குஞ்சு கூடத் தப்பிப் போகக் கூடாது என்ற ஆசை ஒருபுறம், கொட்டிலில் சும்மா கிடக்கிறதே என்ற சிக்கனம் மறுபுறம். பறித்து வைத்திருந்த சின்னக்கண் வலைகளையெல்லாம் ஒன்றோடொன்று தைத்து வான் வாசலை மறித்துக் கட்டினார். "கள்ள வலையும் ஒரு நல்ல வேலை செய்யட்டும்," என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். நாங்களும் தலையாட்டினோம். ஒருவருக்கும் புத்தி குப்பைப் பக்கம் போகவில்லை.

வான் பாய்ந்த காலையில் குளக்கட்டின் மேல் நிற்க இடமில்லை. கூடைகளோடு கூட்டம். மேலே காட்டுப்பக்கமிருந்து பாசியும் ஆகாயத்தாமரையும் வைக்கோலும் அடித்துக்கொண்டு வந்து வலையில் ஒட்டின. பெரிய கண் என்றால் பாதியாவது ஊடே போயிருக்கும். இதில் ஒரு இலை போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வலையாக இல்லை, சுவராக நின்றது. பின்னால் தண்ணீர் ஏறியது. அடையாளக் கல்லின் தலை மட்டும் தெரிந்தது.

சிற்றம்பலம் ஐயா காட்டுக்கத்தியோடு வந்தார். வலையைப் பார்த்தார். அவருக்கு எப்படித்தான் அந்த நேரத்தில் அது தோன்றியதோ!

"பிள்ளை, உன்ர மூண்டு விரலை இதுக்குள்ள ஒருக்கா விட்டுக் காட்டு பாப்பம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வலை பறிகொடுத்தவர்கள் கூடுதலாகச் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிவலட்சுமி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், கரையோரத்து வலையில் பாசியை விலக்கி, எல்லாரும் பார்க்க விரல்களை விட்டார். நுனி கூடப் போகவில்லை.

"ஓம் ஐயா. பிழை என்ர. கத்தியைத் தாங்கோ, நானே வெட்டுறன். ஆனா எங்கட நல்ல வலையள் வருமட்டும் பொறுங்கோ."

"கல்லு மூடினாப் பொறுக்கேலாது பிள்ளை."

"மூடாது. மூட விடமாட்டன்."

நல்ல வலை என்றால் ஒவ்வொருவரும் தொழிலுக்கு வைத்திருக்கிற வலை. இந்த வேகத்தில் கட்டினால் கிழிந்தே போகலாம். கிழிந்தால் மறுநாள் உலைக்கு வழியில்லை. சங்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்வராசா யாரையும் பார்க்கவில்லை. வள்ளத்துக்குள் கிடந்த தன் வலையைத் தோளில் அள்ளிக்கொண்டு வந்து, பழைய வலைக்குப் பின்னால் முதல் கம்பத்தில் கட்டினார். அவருக்குப் பிறகு ரூபன் வந்தான். வலை பறிகொடுத்த புதுவலைத் தம்பி அவன்தான். பிறகு வரிசையாக வந்தார்கள்.

ஆனால் தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கல் மூடப் போகிறது. சிவலட்சுமி கட்டின் மேல் கூடைகளோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாத்த பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கூடையில்ல கையில? எறங்கிப் பாசிய அள்ளுங்க! கட்டு போச்சுன்னா மொதல்ல போறது உங்க வயலு!"

மலைநாட்டுத் தமிழ் வந்துவிட்டது. அதற்கு மேல் யார் நிற்பார்கள்? வயல்காரர்கள் முதலில் இறங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் மீன் அள்ள வந்த மற்றவர்களும். நானும் இறங்கினேன், இழுத்த இழுப்பில் ஒரு செருப்பு போனதுதான் மிச்சம். மீனுக்கென்று வந்த கூடை எல்லாம் பாசி. கரையில் பச்சையாக ஒரு மேடு வளர்ந்தது. மறிப்பின் நடுவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சிவலட்சுமி, பெரியகண் வலையின் கடைசி முடிச்சு விழுந்ததும், ஐயாவின் கத்தியால் தன் வலையைத் தானே மேலிருந்து கீழாகக் கிழித்தார்.

சுவர் சரிந்தது. பாசி மூட்டைகளைக் கரைப்பக்கமாக இழுத்துப் போட்டார்கள், மிச்சம் பெரிய கண்களுக்குள்ளால் பிய்ந்து பிய்ந்து போனது. புதிய மறிப்பு வயிறு தள்ளி விம்மியது. கம்பங்கள் முனகின. பிறகு அடையாளக் கல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நூறு நூறாகக் கருத்த முதுகுகள் மோதித் திரும்பின. ஒன்றும் தாண்டவில்லை. கட்டு முழுவதும் எழுந்த சத்தம் தர்மபுரம் சந்திவரை கேட்டிருக்கும். செல்வராசா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்து சத்தம் போட்டதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

குஞ்சுகள் சில போயிருக்கும், போகட்டும். வென்றாயிற்று. சிற்றம்பலம் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானின் ஓரத்துக்கு இறங்கி வந்து முடிச்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "கெட்டிக்காரி," என்றார், பாதி தனக்குள்.

அப்போதுதான் அந்த விரால் கண்ணில் பட்டது. வலை மாறிய குழப்பத்தில் வெளியே பாய்ந்திருக்க வேண்டும். முழங்கை நீளம், சினை வைத்து உப்பிய வயிறு. கீழே நிற்காமல், வழிந்து வருகிற தண்ணீரை எதிர்த்துச் சீமெந்துச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவதும் வழுக்குவதும் மறுபடி ஏறுவதுமாக. கூடைக்காரர் நாலைந்து பேரின் கை தானாக நீண்டது. சிவலட்சுமி ஒரே எட்டில் போய் அதைச் செவுளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினார். தூக்கிக்கொண்டு நேரே ஐயாவிடம் வந்தார்.

"இந்தாங்கோ ஐயா, பிடியுங்கோ."

"ஐயோ பிள்ளை, எனக்கு உது பழக்கமில்லை."

சிவலட்சுமி துடிக்கிற விராலை அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, வழுக்காதபடி தன் கைகளால் மேலே இறுக்கிப் பொத்தி, தோளால் மெல்லத் தள்ளி அவரைக் குளத்துப் பக்கமாகத் திருப்பினார்.